கவுத்தி வச்ச கூடு

அம்மா, அப்பா, ஷ்ருதி, மூணு பேரும் இதப் பொறுமையா படிங்க. வாய்ஸ் டைப்பிங்ல பேசிப் பேசி அனுப்புறேன், அதனால அங்கங்க பேச்சு இழுத்துக்கிட்டுப் போகும். ஆடியோவாவே அனுப்பிருப்பேன். ஆனா அம்மாவுக்கு இடது காது கேக்காது, வலது காதுல போன வச்சா அப்பாவும் கூட ஒட்டிக்கிட்டு நிப்பாரு, ஆளுக்குப் பாதி கேட்டுட்டு ரெண்டு பேரும் சண்டை போடுவீங்க. எழுத்தா இருந்தா அவங்கவங்க படிச்சிக்கலாம்.

நேத்து அனுப்புன போட்டோதான் இம்புட்டுக்கும் காரணம். கவ்பாய் தொப்பி போட்டுக்கிட்டு நான் இளிச்சிக்கிட்டு நிக்கிறது. நான் தொப்பியக் காட்டத்தான் அனுப்புனேன். ஷ்ருதி அத ஜூம் பண்ணிப் பாத்து, எனக்குப் பின்னாடி தொறந்து கிடந்த அலமாரில இருந்த டப்பாவப் படிச்சிட்டா. துப்பாக்கி மருந்துன்னு. உடனே அம்மா போன். அழுக. தை பொறக்கிறதுக்குள்ள அந்த வீட்டக் காலி பண்ணு, இல்லாட்டி ஊருக்கு வந்துருன்னு சொல்லிட்டு வச்சிட்ட.

அம்மா, உன்னய நான் தப்பு சொல்லல. திருத்தங்கல்ல பட்டாசு ஆபீஸ்ல குழாய்க்கு மருந்து அடைக்கிற கை உன் கை. பக்கத்து ரூம் வெடிச்சுத்தான் உன் காது போச்சு. மருந்து வாசமே இல்லாத ஊர்ல ஒருத்தனாவது இருக்கட்டும்னுதான் மாண்ட்ரியாலுக்கு என்னய அனுப்பி வச்ச. இங்க வந்து நான் மருந்து டப்பாவுக்குப் பக்கத்து ரூம்ல படுத்துக் கிடக்கேன்னா உனக்கு எப்படி இருக்கும்.

ஆனா எனக்கு இந்த வீட்ட விட்டுப் போக மனசு இல்ல. ஏன்னு சொல்றேன். முழுசாப் படிச்ச பிறகும் போன்னு சொன்னீங்கன்னா போறேன், சத்தியமா.

இப்ப நான் துணி துவைக்கிற கடைல உக்காந்திருக்கேன். இங்க காலைல எட்டு மணி. வெளிய ஐஸ். எங்க வீட்டுலயே மெஷின் இருக்கு, ஆனா அது அந்த மருந்து ரூம்லதான் இருக்கு. துணி காய வைக்கிற மெஷின் சூடாகுமில்ல, அதே ரூம்ல மருந்து இருக்கிறப்ப அதப் போட எனக்கு மனசு வராது. அந்த அலமாரி எதிர்ச் சுவத்துல இருக்கு, சட்டம் சொல்ற அளவுக்குள்ளதான் மருந்தும் இருக்கு, ஒண்ணும் ஆகாதுன்னு வீட்டுக்கார அக்கா எவ்வளவோ சொல்லிட்டாங்க. நான்தான் மூட்டையத் தூக்கிக்கிட்டு இங்க வாறேன். உங்க புள்ள எப்படிப்பட்ட பயந்தாங்கொள்ளின்னு உங்களுக்குத் தெரியும்.

அந்த அக்கா பேரு துஷாந்தினி. யாழ்ப்பாணத்துக் குடும்பம், கைக்குழந்தையா இங்க வந்தவங்க. இப்ப முப்பத்தஞ்சு முப்பத்தாறு இருக்கும். மாண்ட்ரியால்லயே கார்ட்டியர்வில்ங்கிற ஏரியால அவங்களும் அவங்க அம்மா பாலாம்பிகை ஆன்ட்டியும் மேல இருக்காங்க, கீழ்ப்பாதில ஒரு ரூம் எனக்கு. அக்காவுக்கு குழந்தைங்க காப்பகத்துல வேலை, இங்க அத கார்டரின்னு சொல்லுவாங்க. வாரம் பூரா மூக்குத் துடைக்கிறது, தூங்க வைக்கிறது, பிரெஞ்சுப் பாட்டு பாடுறது. ஞாயித்துக்கிழமை ஆனா நீளப் பாவாடை, தோல் இடுப்புவாரு, தொப்பி எல்லாம் மாட்டிக்கிட்டு துப்பாக்கி சுடப் போயிருவாங்க.

பயப்படாதீங்க, அது ஒரு விளையாட்டு. லவால்ங்கிற பக்கத்து ஊரத் தாண்டி வடக்க ஒரு கிளப்பு. எல்லாரும் அந்தக் காலத்து அமெரிக்கா மாதிரி உடுத்திக்கிட்டு, ஆளுக்கொரு பட்டப் பேரு வச்சிக்கிட்டு, பழைய மாடல் துப்பாக்கில இரும்புத் தகட்டச் சுடுவாங்க. பட்டா டங்னு கேக்கும். எவ்வளவு சீக்கிரம் முடிக்கிறாங்கங்கிறதுதான் போட்டி. அக்காவோட பட்டப் பேரு பனங்காய். அந்த ஊர்க்காரங்க வாய்ல அது நுழையாம படுற பாட்டப் பாக்கவே நான் ஒரு தடவ கூடப் போனேன். லைசென்ஸ், பெட்டி, பூட்டு எல்லாம் சரியா இருக்கு. துப்பாக்கியில நான் விரல் கூட வச்சதில்ல. பாலாம்பிகை ஆன்ட்டிக்கு மட்டும் இது பிடிக்காது. "பிள்ளையளை நித்திரையாக்கிப்போட்டு துவக்குத் தூக்கிறவள் உலகத்தில இவள் ஒருத்திதான்"னு மக காதுல விழுற மாதிரியே சொல்லுவாங்க.

இப்ப மருந்துக்கு வாறேன். இந்த விளையாட்டுக்குத் தோட்டா நெறைய வேணும், அதனால சுட்ட தோட்டாவோட பித்தளைக் கூட்டப் பொறுக்கிட்டு வந்து வீட்டுலயே திரும்ப நிரப்பிக்கிறாங்க. இங்க அது சாதாரணம். கூட்டுக்கு அடியில ஒரு பொட்டு இருக்கும், நம்ம பொட்டு வெடி மாதிரியே. அதுக்கு மேல மருந்து. அதுக்கு மேல ஈயக் குண்டு. அம்புட்டுதான். முத தடவ அக்கா அடைக்கிற மேசையப் பாத்தப்ப நான் வாசலோட நின்னுட்டேன். ரெண்டாவது நிமிஷமே, அட இது அம்மா செய்யிற வேலையாச்சேன்னு தோணுச்சு. குழாய் காகிதத்துக்குப் பதிலா பித்தளை, திரிக்குப் பதிலா பொட்டு.

அக்காவுக்கு ஒரு பிரச்சினை. அவங்களோட ஒரு துப்பாக்கி, கீழ ஒரு கைப்பிடிய முன்னயும் பின்னயும் ஆட்டினா அடுத்த தோட்டா ஏறிக்கும். ஆடி மாசப் போட்டில அது நடுவுல சிக்கிக்கிச்சு. கரி. உள்ள பூரா கரி. கடிகாரம் ஓடிக்கிட்டு இருக்கு, இவங்க கைப்பிடியோட மல்லுக்கட்டிக்கிட்டு நிக்கிறாங்க. வீட்டுக்கு வந்தப்ப கன்னத்துல ஒரு பக்கம் மை பூசுன மாதிரி இருந்துச்சு. சுத்தமா எரியிற மருந்தா மாத்தணும்னு முடிவு பண்ணாங்க.

எது சுத்தமா எரியும்? அங்கதான் எனக்கு ஆர்வம் வந்துச்சு. கிளப்புல ஆளுக்கொரு பேரு சொன்னாங்களாம். லவால் கடைக்காரர் மூணு டப்பாவ எடுத்து வச்சு, பிரெஞ்சுல ரொம்ப நேரம் பேசி, கடைசில உங்க இஷ்டம்ங்கிற மாதிரி கைய விரிச்சிட்டாரு. ஒரு தாத்தா மட்டும் அந்தக் காலத்துக் கருமருந்தத் தவிர வேற எதுவும் தொடமாட்டாராம். அவர் சுட்டா நம்ம தெருல தீபாவளிக் காலைல எப்படி இருக்குமோ அப்படி, புகை கலையிற வரைக்கும் குறியே தெரியாதாம். அக்கா மூணு டப்பாவையும் மேசைல வரிசையா வச்சிட்டுச் சொன்னாங்க.

"எல்லாரும் தன்ர தன்ர மருந்துதான் சுத்தம் எண்டு சொல்லுகினம். ஆரை நம்புறது?"

நான் உடனே நம்ம ஊர்ப் பெருமைல குதிச்சேன். அப்பா, நீ கம்பி மத்தாப்புக்கும் புஸ்வாணத்துக்கும் மருந்து எப்படிப் பாப்ப? வெட்டவெளில தகரத்த வச்சு, ஒரு சிட்டிகை போட்டு, கொளுத்தி, எரிஞ்ச பிறகு தகரத்தத் தடவிப் பாப்ப. விரல்ல என்ன ஒட்டுதுன்னு பாத்தே நல்லது கெட்டது சொல்லிருவ. அதையே நான் சொன்னேன். அக்காவுக்கு சந்தோஷம். வீட்டுக்குப் பின்னால சந்து இருக்கு, அங்க பிஸ்கட் டப்பா மூடிய வச்சு, மூணு மருந்தையும் தனித்தனியா ஒரு சிட்டிகை கொளுத்துனோம். எதிர் வீட்டுக்காரர் குப்பை போட வந்தவரு பொன்ஜூர்னு சொல்லிட்டு நின்னு வேடிக்கை பாத்தாரு. நான் பக்கத்துலயே ரெண்டு வாளித் தண்ணி வச்சிருந்தேன். கிண்டல் பண்ணாத ஷ்ருதி.

முதல் மருந்து கருப்புப் புள்ளி வச்சுச்சு. அடுத்தது மஞ்சளா எரிஞ்சு தகரத்துல ஒரு வட்டம் போட்டுச்சு. மூணாவதுதான் அழகு. சத்தமே இல்லாம மெதுவா எரிஞ்சிச்சு, தடவுனா விரல்ல ஒண்ணுமே இல்ல. இதுதான் அக்கா, எங்கப்பா பாத்திருந்தா இததான் எடுப்பாருன்னு அடிச்சிச் சொன்னேன். அவங்களும் நம்பி, தோட்டா அடைக்கிற புத்தகத்துல போட்டிருக்கிற குறைஞ்ச அளவுக்கு அடைச்சு, ஆவணிப் போட்டிக்கு எடுத்துக்கிட்டுப் போனாங்க.

சாயங்காலம் வந்தப்ப ரெண்டு கன்னமும் கருப்பு.

ஆடி மாசத்த விட மோசம். துப்பாக்கியக் கவுத்துனா, எரியாத மருந்து கடுகு கடுகா கொட்டுது. நாலாவது சுத்துலயே சிக்கி, மீதிய விட்டுட்டு வந்துட்டாங்க. எனக்கு எங்கிட்டாவது ஓடிரலாம் போல இருந்துச்சு. அக்கா திட்டல. சிங்க்ல முகத்தக் கழுவிக்கிட்டே, "உங்கட அப்பாவின்ர தகரம் நல்லாத்தான் பொய் சொல்லுது"ன்னு மட்டும் சொன்னாங்க. ஆன்ட்டிதான் ரெண்டு நாளா சிரிச்சாங்க.

அப்பா, கோச்சுக்காத. உன் தகரம் பொய் சொல்லல. நான்தான் புஸ்வாணத்துக்குப் பாக்கிற பரீட்சைய தோட்டாவுக்கு வச்சிட்டேன். அது எனக்கு அன்னைக்குத் தெரியல. எப்படித் தெரிஞ்சிச்சுன்னு கேளு.

சுட்ட கூட்ட எல்லாம் அக்கா பழைய சல்லடைல போட்டுக் கழுவச் சொன்னாங்க. ஒண்ணொண்ணா எடுத்துப் பாத்தேன். கூட்டுக்கு உள்ள கருப்பு, சரி. வெளியவும் கருப்பா இருக்கு. ஒரு பக்கமா, வாய்ல இருந்து அடி வரைக்கும் கோடு இழுத்த மாதிரி. உள்ள எரியிற மருந்து வெளிய எப்படிக் கரி பூசும்? அந்தக் கேள்வி என் மண்டைக்குள்ள பூந்துக்கிச்சு. சென்ட்-ஆன் காலேஜ்ல நெல்லும் கோதுமையும் எப்படிக் காயுதுன்னு பாக்கிறதுதான் என் படிப்பு, ஒரு வாரம் பூரா பஸ்ல போகையில வரையில இதையேதான் யோசிச்சேன்.

விடை கிடைச்சது அடுப்படில. இந்த வீட்டுல எனக்கு ஒரு வேலை இருக்கு. முதல்ல இருந்த வீட்டுல ராத்திரி எந்திரிச்சு எந்திரிச்சு அடுப்பு அணைஞ்சிருக்கான்னு நான் பாப்பேன், கூட இருந்த பசங்க ஓட்டி எடுத்துட்டாங்கன்னு சொல்லிருக்கேன்ல. இங்க வந்தும் அதே பழக்கம். பாலாம்பிகை ஆன்ட்டி ஒரு நாள் பாத்துட்டு, சிரிக்கல. "இனிமேல் அடுப்புப் பாக்கிறது தம்பியின்ர வேலை, எனக்கு நிம்மதி"ன்னு சொல்லிட்டாங்க. அன்னைல இருந்து ஒரு தடவ பாத்தா போதும், எனக்குத் தூக்கம் வந்துருது. இந்த வீட்ட விட்டுப் போக மனசு இல்லன்னு சொன்னேன்ல, அதுல முக்கால்வாசி இதுதான்.

அன்னைக்கு நீ குடுத்துவிட்ட குக்கர்ல பருப்பு வச்சிருந்தேன். ஆன்ட்டி குக்கர் இருந்தா அடுப்படிப் பக்கமே வரமாட்டாங்க, வெடிச்சிரும்னு பயம். மக கீழ மருந்து வச்சிருக்கா, அதுக்குப் பயம் இல்ல. நான் நின்னு பாத்துக்கிட்டு இருந்தேன். மூடியச் சுத்தி முதல்ல ஆவி புஸ்ஸு புஸ்ஸுன்னு கசியும் பாரு, தண்ணி கூடத் தெறிக்கும். உள்ள அழுத்தம் ஏறினதும் மூடி ரப்பரோட நல்லா ஒட்டிக்கும், கசிவு நின்னுரும். சூடு ரொம்பக் கம்மியா வச்சா? கசிஞ்சிக்கிட்டே இருக்கும், அடுப்பெல்லாம் வழியும்.

தோட்டாவும் அதேதான் அப்பா. பித்தளைக் கூடு மெல்லிசு. மருந்து வேகமா எரிஞ்சு உள்ள அமுக்கினா, கூடு ஒரு நொடி உப்பி, துப்பாக்கியோட உள்சுவத்துல அப்பிக்கும். புகை பின்னாடி வர வழியே இல்ல, முன்னாடிதான் போயாகணும். அமுக்கம் பத்தலன்னா கூடு உப்பாது. இடுக்கு வழியா புகை பின்னாடி வந்து கூட்டுக்கு வெளிய, துப்பாக்கிக்கு உள்ள, அக்கா கன்னத்துலன்னு எல்லா இடத்துலயும் அப்பும். நான் தேர்ந்தெடுத்த மருந்து மெதுவா எரியிற மருந்து. தகரத்துல அழகா எரியும். பெரிய கூட்டுல கொஞ்சமாப் போட்டா, அமுக்கம் ஏறுறதுக்கு முன்னாடியே குண்டு கெளம்பிப் போயிரும், மருந்து பாதி வெந்த அரிசி மாதிரி நின்னுரும். அதான் கடுகு. எவ்வளவு சுத்தமா எரியும்கிறது டப்பாக்குள்ள இருக்கிற மருந்த மட்டும் பாத்தாத் தெரியாது. எந்தக் கூடு, எவ்வளவு இடம், எவ்வளவு கனமான குண்டு, குண்டச் சுத்திக் கூட்டு வாய எவ்வளவு இறுக்கி நெறிச்சிருக்கு, எல்லாம் சேந்ததுதான். வெடிக்கு வாய்க்கட்டு தளர்ந்தா புஸ்ஸுன்னு போகும்னு நம்ம வீட்டுல எல்லாருக்கும் தெரியும். எனக்கு மட்டும் அந்த நேரத்துல ஞாபகம் வரல.

பருப்ப அப்படியே விட்டுட்டு கீழ ஓடிப் போய் அக்காகிட்ட சொன்னேன். அவங்க பழைய புத்தகம், இன்டர்நெட் எல்லாத்தையும் வச்சு அதச் சரி பாத்தாங்க. ஆமா, அவ்வளவுதான் விஷயம். வேகமா எரியிற மருந்து வேணும். அந்த மூணு டப்பால, தகரத்துல கருப்புப் புள்ளி வச்சது பாருங்க, நான் வேண்டாம்னு ஒதுக்குனது, அதுதான்.

இதோட முடிஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும். அக்கா அந்த மருந்த புத்தகத்துல போட்ட அளவுக்கு எடுத்து ஒரு கூட்டுல கொட்டிக் காட்டுனாங்க. எட்டிப் பாத்தேன். அடில எங்கயோ கிடக்கு. அந்தக் கூடு அந்தக் காலத்துல கருமருந்துக்காகச் செஞ்சது, நல்ல நீளம். வேக மருந்து கொஞ்சூண்டு போதும். அப்ப மறந்துபோய் ரெண்டாவது தடவ ஊத்திட்டா?

"அதுதான் தம்பி. ரெண்டு தரம் ஊத்தினாலும் உள்ளுக்கை அடங்கும். வெளியால தெரியாது."

ரெண்டு மடங்கு போனா துப்பாக்கி கையிலயே பொளந்துரும். முன்னாடி போட்ட மெதுவான மருந்து கரி பிடிக்கும், ஆனா இடத்த அடைக்கும், ரெண்டு தடவ ஊத்துனா பொங்கி வெளிய வரும், கண்ணுக்குத் தெரிஞ்சிரும். உப்பலா, பொரி மாதிரி ஒரு மருந்து முன்னாடி வந்துச்சாம், வேகமும் உண்டு, இடத்தையும் அடைக்கும். அது இப்ப எந்தக் கடைலயும் கிடைக்கிறது இல்ல. ஆக, கரி வேணுமா, இல்ல கண்ணுக்குத் தெரியாத பயம் வேணுமா. அக்கா கூட்டுல கொட்டுன மருந்தத் திரும்ப டப்பாவுல போட்டு மூடுனாங்க. சுத்தமான மருந்தையே போடுறேன், கவனமா இருந்துக்கிறேன்னு சொன்னாங்க.

அவங்க அடைக்கிற விதத்த நான் பாத்திருக்கேன். ஓட்டை போட்ட மரக்கட்டைல அம்பது கூட்டையும் வாய் மேல பாக்க நிறுத்தி வச்சு, வரிசையா ஊத்திக்கிட்டே போவாங்க. முடிச்சிட்டு டார்ச் அடிச்சுப் பாப்பாங்க. அப்படித்தான் நெறையப் பேர் செய்றாங்க, தப்பு இல்ல. ஆனா இவங்க காதுல போன் இருக்கும். ஃபிரெண்டு சாருஜாகிட்ட கார்டரிக் கதை எல்லாம் ஓடும். மேல இருந்து ஆன்ட்டி தேத்தண்ணி வேணுமோன்னு கூப்பிடுவாங்க, இவங்க திரும்பிப் பதில் சொல்லுவாங்க. திரும்புனா எந்தக் கூட்டுல விட்டோம்? எனக்கு அன்னைக்குத் தூக்கம் வரல. அடுப்ப ரெண்டு தடவ பாத்தேன்.

அடுத்த நாள்தான் அம்மா, உனக்குப் போன் பண்ணேன். புரட்டாசி, சனிக்கிழமை, நீ மொச்சை உரிச்சிக்கிட்டு இருந்த. குழாய்க்கு மருந்து அடைக்கும்போது ஒண்ணுக்கே ரெண்டு தடவ அடைக்காம எப்படிம்மா பாத்துக்குவன்னு கேட்டேன். ஏன் கேக்குறன்னு நீ கேக்கல. உன் வேலையப் பத்தி நம்ம வீட்டுல யாரும் எதுவும் கேட்டதே இல்லன்னு அப்பத்தான் எனக்குத் தோணுச்சு. நீ மொச்சைய ஓரமா வச்சிட்டுச் சொன்ன.

"வாய் தொறந்த குழாய் ஒண்ணுக்கு மேல எம் முன்னாடி இருக்கக் கூடாதுடா. மத்ததெல்லாம் கவுந்து கிடக்கணும். ஒண்ண நிமித்து, அடை, வாய மூடு, இந்தப் பக்கம் வை. நடுவுல எவ கூப்பிட்டாலும் திரும்பக் கூடாது. திரும்பிட்டியா, கையில இருக்கிறதக் கொட்டிட்டு மறுபடி எடு."

அத நான் அப்படியே அக்காகிட்ட சொன்னேன். அவங்க தலைய ஆட்டிட்டு மரக்கட்டையத் திருப்பி வச்சாங்க. இப்ப எல்லாக் கூடும் கவுந்து கிடக்கும், பொட்டு மேல தெரியும். ஒண்ண எடுத்து நிமித்தி, ஊத்தி, உள்ள எட்டிப் பாத்து, குண்டத் தூக்கி வாய் மேல வச்சு மூடி, வலது பக்கத் தட்டுல வைப்பாங்க. அப்புறம்தான் அடுத்தது. போன் மேல அடுப்படிலயே இருக்கும். ஆன்ட்டி கூப்பிட்டா பதில் வராது. முத வாரம் ஆன்ட்டிக்குக் கோவம், மக செவிடாயிட்டாளான்னு. பிறகு என்கிட்ட காரணத்தக் கேட்டுட்டு, கூப்பிடுறதையே விட்டுட்டாங்க. ஒரு நாள் பேச்சு குடுக்கிறேன்னு நானே வாசல்ல நின்னு இருமிட்டேன். அக்கா கைல இருந்த கூட்டக் கவுத்துக் கொட்டிட்டு, என்னயப் பாத்து, "உங்கட அம்மா பேசுவா"ன்னாங்க, திட்டுவாங்கன்னு அர்த்தம்.

ஐப்பசில கடைசிப் போட்டி, பனி விழுறதுக்கு முன்னாடி. நான் வீட்டுலயே இருந்துட்டேன், போனா பதட்டத்துல அவங்களையும் கெடுத்துருவேன். சாயங்காலம் கார் சத்தம் கேட்டதும் வாசலுக்கு ஓடுனேன். முகத்தத்தான் முதல்ல பாத்தேன். சுத்தமா இருந்துச்சு. ஒரு கூட்ட என் கைல போட்டாங்க. வெளிப்பக்கம் லேசா சாம்பல் நிறம், துணில துடைச்சதும் மஞ்சளாயிருச்சு. கைப்பிடி ஒரு தடவ கூடச் சிக்கல. குறி மட்டும் ரெண்டு மூணு தப்பிருச்சாம், அதுக்கு மருந்து என்ன பண்ணும். அந்தக் கூடு இப்பவும் என் மேசைல இருக்கு. கவுத்திதான் வச்சிருக்கேன்.

அந்தத் தொப்பியும் அன்னைக்குத்தான் அக்கா எனக்குக் குடுத்தாங்க. நேத்து ஆன்ட்டி போட்டுப் பாக்கச் சொன்னாங்க, போட்டேன், போட்டோ எடுத்தேன், வம்புல மாட்டிக்கிட்டேன்.

அம்மா, இதுதான் நடந்தது. மருந்துக்குப் பக்கத்துல இருக்கேங்கிறது உண்மை. பயமா இருக்கா, இருக்கு. ஆனா இத்தன வருஷத்துல மருந்தப் பாத்தா எனக்கு ஓடணும்னுதான் தோணும். இங்கதான் முத தடவையா, கிட்டப் போய், இது ஏன் இப்படின்னு கேக்கத் தோணுச்சு. அந்த மேசைல நடக்கிற வேலைல பாதி உன் வேலை. இப்ப நீ சொல்லு. போகவா, இருக்கவா.

இது வரைக்கும் அனுப்பிட்டேன். மூணு பேரும் படிச்சதா ப்ளூ டிக் வந்துருச்சு. அப்பா ஒரு சிரிக்கிற பொம்மையும், தகரத்தக் குத்தம் சொல்லாதன்னு ஒரு வரியும் போட்டுருக்காரு. அம்மா பேருக்குக் கீழ டைப்பிங்னு வருது, நிக்குது, திரும்ப வருது. என் துணி காஞ்சிருச்சு, மெஷின் கத்துது, எடுத்துட்டு வாறேன்.

அம்மா, நீ அனுப்புனத இப்பத்தான் பாத்தேன். ஷ்ருதி டைப் பண்ணிருக்கா போல, ஆனா கேள்வி உன்னுது.

"அந்தப் புள்ள மருந்து அடைக்கும்போது என்ன துணி உடுத்திருக்கு?"

இதப் படிக்கிற நேரம் என் கைல என்ன இருந்துச்சு தெரியுமா. குளிருக்குப் போடுற கம்பளி மாதிரி சட்டை, பாலியெஸ்டர். மெஷின்ல இருந்து உருவுறேன், பொட பொடன்னு சத்தம், காலுறை ஒண்ணு அதுல ஒட்டிக்கிட்டு வருது. கதவத் தொட்டேன், விரல்ல சுருக்குன்னு ஒரு பொறி. இந்த ஊர்க் குளிர்ல வீட்டுக்குள்ள ஹீட்டர் போட்டு காத்து அப்பளமாக் காஞ்சு கிடக்கும் அம்மா, எதத் தொட்டாலும் இப்படித்தான். உங்கள ஆபீஸ்ல நைலக்ஸ் சேலை உடுத்த விடமாட்டாங்க, பருத்திதான், உள்ள போகையில கைய நனைச்சிட்டுத்தான் போவீங்க. செருப்பு கூடாது, வெறுங்காலு மண்ணுல படணும். இது எனக்கு எப்படித் தோணாமப் போச்சு? தானியத் தூசியும் பொறி பட்டா வெடிக்கும், கிடங்குக்குள்ள எந்தச் சட்டை போடணும்னு காலேஜ்ல பரீட்சையே எழுதிருக்கேன்.

அக்கா போட்டிக்குப் பருத்திப் பாவாடைதான் போடுவாங்க. ஆனா கீழ அந்த ரூம் குளிரும். கார்த்திகைல இருந்து அவங்களும் இந்த மாதிரிச் சட்டைதான் போட்டுக்கிட்டு மேசைல உக்காருறாங்க. இன்னைக்கு ஞாயித்துக்கிழமை, பனிக்காலத்துல போட்டி கிடையாது. இந்நேரம் கீழதான் இருப்பாங்க. புது மருந்து கருமருந்து மாதிரி சட்டுன்னு பொறிக்குப் பத்திக்காதுன்னு எனக்குத் தெரியும். இருந்தாலும் டப்பா மேலயே மின்பொறி ஆகாதுன்னு எழுதித்தான் இருக்கு.

அவங்களுக்குப் போன் பண்ணேன். எடுக்கல. எப்படி எடுப்பாங்க, போன் அடுப்படில இருக்கு, நீ சொன்னதுதான். ஆன்ட்டி எடுத்தாங்க. விஷயத்தச் சொன்னதும் அவங்க பதறல. "நான் படியில இருக்கிறன். அவள் எழும்பி வரட்டும், கூப்பிடமாட்டன்"னு சொல்லிட்டு வச்சிட்டாங்க.

நான் மூட்டையக் கட்டிட்டேன். மூட்டைக்கு மேல, நீ போன தீபாவளிக்கு வாங்கிக் குடுத்த பருத்திச் சட்டை ரெண்டையும் எடுத்து வச்சிருக்கேன், அக்காவுக்குத் தொளதொளன்னு இருக்கும், பரவாயில்ல, உள்ள வேற துணி போட்டுக்கட்டும். பஸ் வருது.

அடுத்த மெசேஜும் வந்துருச்சு. தரை என்ன தரை, கால்ல என்ன போடுது, தண்ணி பக்கத்துல இருக்கான்னு கேட்டுருக்க. வீட்டக் காலி பண்றதப் பத்தி அதுல ஒரு வார்த்தையும் இல்ல. நானும் கேக்கப் போறதில்ல.

தரை சிமெண்டு அம்மா. ஒரு வாளி தண்ணி, நான் வச்சதுதான், இருக்கு. கால்ல என்ன போடுறாங்கன்னு போய்ப் பாத்துட்டுச் சொல்றேன்.